எதிரும் உடனும்: ஆங்கிலத்தில் 'வித்' என்னும் முன்னிடைச்சொல்லின் பொருள் வரலாறு

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் ஐரோப்பிய வரலாறு பற்றிய பந்தியொன்றை மாணவருக்குக் கொடுத்திருந்தேன். படைத்தலைவன் ஒருவன் பிரெஞ்சுக்காரர் 'வித்' போரிட்டான் என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. மாணவருட் சிலர் "பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போரிட்டான்" என்று எழுதினர். வேறு சிலர் "பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து போரிட்டான்" என்று எழுதினர். பெரும்பாலோர் "பிரெஞ்சுக்காரரோடு போரிட்டான்" என எழுதித் தப்பித்துக்கொண்டனர். முதலிரு சாராருள் ஒரு சாரார் நேச அணியைப் பகை அணியாகவோ, மறு சாரார் பகை அணியை நேச அணியாகவோ ஆக்கிவிட்டனர் என்பது தெளிவு. ஆயினும் இருவர் எழுதியதற்கும் அகராதியிற் சான்றுண்டு. வரலாற்று நூலொன்றை மொழிபெயர்ப்பவனுக்கு இது சிறிய சங்கடமன்று.

'வித்' என்றால் 'உடன்' என்று மனனஞ்செய்தே நம்மவர் ஆங்கிலம் பயில்கின்றனர். பின்வாங்குதலைக் குறிக்கும் 'வித்ட்றோ', கொடாது தடுத்து வைத்தலைக் குறிக்கும் 'வித்ஹோல்ட்', எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' ஆகிய வினைகளை எதிர்ப்படும்போது அந்த மனனம் உதவுவதில்லை. இம்மூன்றிலும் 'உடன்' என்ற பொருள் மருந்துக்கும் இல்லை. விலகல், மறுத்தல், எதிர்த்தல் ஆகியவையே உள்ளன. ஆசிரியர்கள் இவற்றை விதிவிலக்குகள் என்பர். உண்மையில் இவையே பழைய விதியின் எச்சங்கள். இன்று வழங்கும் 'உடன்' என்ற பொருள்தான் பின்னர் வந்தது.

பழைய ஆங்கிலத்தில், அதாவது ஏறத்தாழ 1100ஆம் ஆண்டு வரை வழங்கிய ஆங்கிலத்தில், உடனிகழ்ச்சியைக் குறிப்பதற்கு வேறொரு சொல் இருந்தது. அது 'மிட்'. ஜேர்மன் மொழியின் 'மிற்', டச்சு மொழியின் 'மெற்', சுவீடிஷ், டேனிஷ் மொழிகளின் 'மெட்' ஆகியன அதன் உடன்பிறப்புகள். அவை இன்றும் தத்தம் மொழிகளில் 'உடன்' என்ற பொருளிலேயே வழங்குகின்றன. ஆங்கிலம் மட்டுமே இச்சொல்லைக் கைவிட்டு, அதன் இடத்தில் 'வித்' என்பதை அமர்த்திக்கொண்டது. அப்பொழுது 'வித்' என்பதன் முதன்மைப் பொருள் 'எதிராக' என்பது. 'எதிர்' எனப் பொருள்படும் ஜேர்மன் 'வீடர்' அதன் உறவுச் சொல். இன்னும் பின்னோக்கிச் சென்றால், பிரிவைக் குறிக்கும் 'வி' என்ற இந்தோ-ஐரோப்பிய அடி தென்படுகின்றது. வடமொழியின் 'வி' என்னும் முன்னொட்டு அதனோடு தொடர்புடையது. வியோகம், விபாகம் முதலிய வடசொற்களில் அது பிரிவுப் பொருளில் நிற்பதைத் தமிழ் வாசகர் அறிவர். வியோகத்திற் பிறந்த சொல் சங்கமத்தைக் குறிக்க நேர்ந்தது எவ்வாறு என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினா.

'எதிராக' என்ற மொழிபெயர்ப்பும் முழுமையானதன்று. பழைய ஆங்கில நூல்களில் இச்சொல் நின்ற இடங்களை ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். 871இல் அரசன் ஏதெல்ரெட்டும் அவன் தம்பி அல்பிரட்டும் ஆஷ்டவுணில் டேனியரின் முழுப் படையையும் பொருததை ஆங்கிலோ-சக்சன் ஆண்டுக் குறிப்பு 'வித்' கொண்டே கூறுகின்றது. 878இல் எடிங்டனில் நிகழ்ந்த போருக்கும் அதே சொல்லாட்சிதான். இங்கே பொருள் பகை. மருத்துவ நூல்களில் நிலைமை சற்று வேறுபடுகின்றது. 10ஆம் நூற்றாண்டுப் பிரதியொன்றில் நமக்குக் கிடைத்துள்ள 'போல்டின் மருத்துவ நூல்' தலையிடிக்கு இன்ன மூலிகை, கண்ணோய்க்கு இன்ன மூலிகை என வரிசைப்படுத்தும்போது ஒவ்வொரு நோயின் முன்னும் 'வித்' என்றே தொடங்குகின்றது. நோயை எதிர்க்கும் மருந்து என்பது கருத்து. "தலையிடிக்கு மருந்து" என்று நாம் நான்காம் வேற்றுமையாற் கூறுவதை அவர்கள் எதிர்ப்புச் சொல்லாற் கூறினர். இனி, நோர்வேயிலிருந்து வந்த ஓத்தரே என்ற வணிகன் தான் மேற்குக் கடலை அடுத்து வாழ்வதாக அல்பிரட் மன்னனிடம் கூறிய செய்தி பதிவாகியுள்ளது. அங்கும் 'வித்' வருகின்றது. கடலுக்குப் பகைவனாக அவன் வாழவில்லை. கடலை நோக்கிய கரையில் வாழ்ந்தான். 991இல் நடந்த மால்டன் போரைப் பாடும் பழம்பாடலிலோ, வைக்கிங்குகளின் தூதன் சமாதானத்துக்கு விலையாகப் பொன் கேட்கிறான். பொன்னுக்குப் 'பதிலாக' என்ற இடத்தில் மீண்டும் 'வித்'.

பகை, அண்மை, பதில், பரிமாற்றம் என இவை யாவும் ஒரு சொல்லில் எவ்வாறு அடங்கின என்று ஆங்கிலேய மாணவன் வியக்கக்கூடும். தமிழ் மாணவன் வியக்கத் தேவையில்லை. 'எதிர்' என்ற நம் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். எதிரி பகைவன், எதிர்வீடு அயல்வீடு, எதிர்கொள்ளலோ விருந்தினரை முன்சென்று வரவேற்றல். 'மாறு' என்ற அடியும் அவ்வாறே. மாற்றார் பகைவர், மாற்றம் மறுமொழி, பண்டமாற்று வாணிகம், கைம்மாறு நன்றிக்கடன். இருவர் முகத்துக்கு முகம் நிற்கும் நிலையே இவற்றின் பொது அடிப்படை. முகத்துக்கு முகம் நிற்போர் வாளை ஓங்கலாம், பண்டத்தை நீட்டலாம், கையைப் பற்றலாம். பழைய ஆங்கில 'வித்' ஏறக்குறைய நம் 'எதிர்', 'மாறு' ஆகிய இரண்டும் சேர்ந்த பொருட்பரப்பை உடையது. பகை அதன் ஒரு கூறு மட்டுமே. அகராதிகள் அதனை முதலாவதாகத் தருவதற்கு ஒரு காரணம், போர் பற்றிய ஆவணங்கள் மிகுதியாக எஞ்சியிருப்பது எனலாம்.

இந்த இடத்தில் ஓர் ஆவணம் நம் தனிக்கவனத்துக்கு உரியது. அல்பிரட் மன்னனும் டேனியத் தலைவன் குத்ரமும் 878க்கும் குத்ரம் இறந்த 890க்கும் இடைப்பட்ட காலத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். தேம்ஸ், லீ, ஊஸ் ஆறுகளையும் வற்லிங் பெருவழியையும் கொண்டு எல்லை வகுத்த ஒப்பந்தம் அது. அதன் இறுதிப் பகுதி இரு தரப்பு மக்களுக்கும் இடையிலான வாணிகத்தைப் பற்றியது. தேவை காரணமாக அவர்களுள் எவரேனும் நம்மவரோடோ, நாம் அவர்களோடோ கால்நடையையும் பொருட்களையும் கொண்டு வணிகஞ்செய்ய விரும்பினால், சமாதானத்துக்குப் பிணையாக ஆட்களைக் கொடுத்து அதனைச் செய்யலாம் என்பது அதன் சாரம். மூலத்தில் 'நம்மவரோடு', 'அவர்களோடு' என்ற இடங்களில் 'வித்' நிற்கின்றது. 'கால்நடையைக் கொண்டு', 'பொருட்களைக் கொண்டு' என்ற இடங்களில் 'மிட்' நிற்கின்றது. அஃதாவது, எதிரே நிற்கும் தரப்பினருக்கு ஒரு சொல். கையில் உள்ள பண்டத்துக்கு வேறொரு சொல். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டிடத்தும் 'வித்' என்றே எழுதலாம். பிற்காலத்தில் ஒரே சொல்லில் இணையவிருந்த இரு பொருள்களும் அந்த ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்பதைக் காண்கின்றோம்.

அவ்வொப்பந்தத்தில் வரும் 'அவர்கள்' யார்? சில ஆண்டுகள் முன்பு வரை ஊர்களைச் சூறையாடிய படையினர். 865இல் பெரும்படையாக வந்திறங்கியவர்கள். ஆனால் 876இல் அவர்களுட் பலர் நோதம்பிரிய நிலத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொண்டு ஏர் பிடிக்கத் தொடங்கியதாக ஆண்டுக் குறிப்பே கூறுகின்றது. வாளேந்தியவன் உழவனாகின்றான், உழவன் அயலானோடு மாடு மாற்றுகின்றான். 'வித்' நின்ற வாக்கியச் சூழல்களும் இவ்வாறே பெருகின. ஒருவரோடு பொருதல் என்பதற்கு வந்த சொல்லே ஒருவரோடு பேசுதல், ஒருவரோடு உடன்படுதல், ஒருவரோடு கொள்வினை கொடுப்பினை செய்தல் ஆகியவற்றுக்கும் வந்தது. இச்செயல்கள் யாவும் ஒருவரால் மட்டும் செய்ய முடியாதவை. எதிரே இன்னொருவர் தேவை. அந்த இன்னொருவரைச் செயலின் பங்காளியாகக் காண்பதற்கும், துணைவனாகக் காண்பதற்கும் இடையே உள்ள தூரம் அதிகமன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பகை உறவு நட்புறவாக மாறிற்று, ஆகவே 'எதிர்' என்ற சொல் 'உடன்' என்று மாறிற்று எனச் சமன்பாடு போட்டுவிடுவது எளிது. மாக்சியத்தின் பேரால் இத்தகைய எளிமைப்படுத்தல்கள் முன்னரும் நிகழ்ந்துள்ளன. மொழி மேற்கட்டுமானத்தின் ஒரு கூறு, ஆதலின் வர்க்கத்தன்மை உடையது என்று சோவியத் ஒன்றியத்தில் மார் என்ற மொழியறிஞர் கட்டியெழுப்பிய கோட்பாடு அவர் 1934இல் இறந்த பின்னரும் நெடுங்காலம் கோலோச்சிற்று. 1950இல் ஸ்டாலின் 'பிராவ்தா' இதழில் எழுதிய கட்டுரைகளே அதற்கு முடிவு கட்டின. மொழி மேற்கட்டுமானமன்று என்ற ஸ்டாலினின் முடிவு சரியானது. ஆனால் சமூக உறவுகள் சொற்பொருளினுள் எவ்வழியாகப் புகுகின்றன என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அக்கேள்விக்கு 1929இலேயே வொலோஷினொவ் தந்த விளக்கம், அதாவது சொல் என்பது பேசுவோர் இருவரிடையே உள்ள பாலம் என்ற கருத்து, நமக்கு மிகுதியும் பயன்படுகின்றது. பொருள் மாறுவது உற்பத்தி முறையின் நேரடி எதிரொலியாக அன்று. உரையாடற் சூழல்கள் மாறுவதன் ஊடாகவே அது மாறுகின்றது.

மேலும், பகையும் துணையும் ஒரே உருபைப் பகிர்ந்துகொள்வதற்கு டேனியரின் குடியேற்றம் இன்றியமையாததும் அன்று. இலத்தீன் மொழியில் 'கும்' என்பது தொடக்கத்திலிருந்தே 'உடன்'. ஆயினும் பகைவனோடு பொருதலுக்கும் அது வரும். தமிழும் அவ்வாறே. 'அவனோடு சண்டை பிடித்தான்' என்கிறோம். இங்கே துணைக்குரிய உருபு பகைக்கு நீண்டது. ஆங்கிலத்திலோ பகைக்குரிய சொல் துணைக்கு நீண்டது. வழி ஒன்றே, பயணத்தின் திசைதான் வேறு. அந்த வழியைத் திறந்து வைப்பது மொழியின் அமைப்பு. அதில் எந்தத் திசையில், எக்காலத்தில், யார் சென்றனர் என்பதையே வரலாறு தீர்மானிக்கின்றது.

நம் மூன்றாம் வேற்றுமையைப் பற்றிச் சிறிது கூறாது செல்ல மனமில்லை. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு 'ஒடு' என்றே பெயரிட்டு, வினைமுதலையும் கருவியையும் அதன் பொருளாகக் கூறுவர். பிற்காலத்து நன்னூலாரோ ஆல், ஆன், ஓடு, ஒடு என உருபுகளை விரித்து, கருவி, கருத்தா, உடனிகழ்தல் எனப் பொருள் வகுப்பர். வழக்கில் 'ஆல்' கருவியையும் கருத்தாவையும் பெற்றுக்கொள்ள, 'ஓடு' துணையோடு நின்றுவிட்டது. ஆங்கிலத்திலும் கருவி, கருத்தா, துணை ஆகிய மூன்றும் பின்னிப்பிணைந்தே கிடந்தன. 'மிட்' விட்டுச்சென்ற கருவிப் பொருளை 'வித்' ஏற்றுக்கொண்டது. செயப்பாட்டு வினையில் வினைமுதலைக்கூட அது குறித்தது. ஷேக்ஸ்பியர் காலத்திலும் இவ்வழக்கு அற்றுப்போகவில்லை. அதன் பின்னர் வினைமுதலைப் 'பை' என்ற சொல் கைப்பற்றிக்கொண்டது. தொல்காப்பியத்தில் இன்னொரு விதியும் உண்டு. இருவர் ஒரே வினையைச் செய்யும்போது 'ஒடு' உயர்ந்தோர் பெயரின் பின்னரே வரும் என்பது அது. அரசனோடு இளையர் வருவர். இளையரோடு அரசன் வருவதாகக் கூறுதல் மரபன்று. உடனிருத்தலைக் கூறும் உருபினுள்ளும் மேல் கீழ் என்ற வைப்பு முறை இருந்தமைக்கு இதைவிடத் தெளிவான இலக்கணச் சான்று வேண்டியதில்லை. 'உடன்' என்ற சொல்லைச் சமத்துவத்தின் சொல்லாக நாம் உணர்வது பிற்கால மனநிலையாகும்.

ஆங்கிலத்துக்கு மீள்வோம். 'மிட்' ஏன் மறைந்தது என்ற வினா இன்னும் உள்ளது. டேனியர் பேசிய நோர்ஸ் மொழியிலும் 'வித்' என்பதன் உறவுச் சொல் இருந்தது; அம்மொழியில் அது 'ஒருவரோடு பேசுதல்' போன்ற தொடர்களில் இயல்பாகவே வந்தது. அதன் செல்வாக்கினாலேயே ஆங்கில 'வித்' பொருள் மாறிற்று என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோர்ஸ் மொழியில் 'மிட்' என்பதன் உடன்பிறப்பும் இருந்ததே! இருமொழியாளரின் வாயில் அது ஆங்கில 'மிட்' என்பதற்கு வலுவூட்டியிருக்க வேண்டுமன்றோ? இன்றைய டேனிஷ், சுவீடிஷ் மொழிகளில் துணைப் பொருளில் நிலைத்திருப்பது அச்சொல்லேயன்றி மற்றையதன்று. ஆகவே நோர்ஸ் சொல்லின் நேரடிச் செல்வாக்கு என்ற விளக்கம் தன்னளவில் போதாது.

ஆயினும் புவியியல் அவ்விளக்கத்தை முற்றாகத் தள்ளிவிடவும் விடுவதில்லை. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிங்கன்ஷயர்ப் பகுதியில் ஓர்ம் என்ற துறவி எழுதிய 'ஓர்முலம்' என்னும் நூலில் துணைப் பொருளுக்கு 'வித்' வழங்குகின்றது. அது டேனியர் செறிந்து குடியேறிய பிரதேசம். டேனியர் குடியேற்றம் தொடாத தென்கிழக்கு மூலையான கென்ற் பிரதேசத்திலோ, 1340இல் மைக்கேல் என்ற துறவி எழுதிமுடித்த 'அயன்பைற்' நூலில் 'மிட்' இன்னும் உயிரோடு உலவுகின்றது. ஒன்றரை நூற்றாண்டு பிந்திய நூலில் பழஞ்சொல் வாழ்கின்றது. மாற்றம் வடகிழக்கிலிருந்து தெற்கு நோக்கி நகர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். சொல்லை இரவல் வாங்கியதன் விளைவாக அன்றி, நெருங்கிய இரு மொழிகளைப் பேசுவோர் ஓரூரில் வாழ்ந்து, விகுதிகளைத் தளர விட்டு, முன்னிடைச்சொற்களின் மேல் பாரத்தை ஏற்றியதன் விளைவாக இம்மாற்றம் முடுக்கம் பெற்றிருத்தல் கூடும்.

விகுதிகள் தளர்ந்தமை தனியே நோக்கற்பாலது. அல்பிரட் 878இல் சிறு கூட்டத்தோடு காடுகளில் அலைந்ததை ஆண்டுக் குறிப்பு கூறுமிடத்தில் 'மிட்' என்பதும் இல்லை, 'வித்' என்பதும் இல்லை. 'சிறு கூட்டம்' என்ற தொடரின் வேற்றுமை விகுதியே அப்பொருளைத் தந்துவிடுகின்றது. தமிழிலக்கணம் பயின்றவனுக்கு இது பழக்கமான உலகம். அவ்விகுதிகள் தேய்ந்து மறைந்தபொழுது, முன்பு துணைநின்ற சிறு சொற்கள் தனித்துச் சுமை தாங்க வேண்டியதாயிற்று. அச்சூழலில் இரண்டில் ஒன்று மேலோங்குவது இயல்பு.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இம்மாற்றம் எழுத்தில் வெளிப்பட்ட காலம். 10ஆம், 11ஆம் நூற்றாண்டுகளில் வெசெக்ஸ் அரசின் செல்வாக்கால் மேற்குச் சக்சன் கிளைமொழி ஏறத்தாழப் பொது எழுத்து மொழியாகிவிட்டது. மடாலயங்களில் எழுதியோர் தம் ஊர்ப் பேச்சை விடுத்து அதனையே எழுதினர். 1066இல் நோர்மானியர் ஆட்சியைக் கைப்பற்றிய பின் ஆளும் வர்க்கத்தின் மொழி பிரெஞ்சாகவும், ஆவணமொழி இலத்தீனாகவும் மாறின. ஆங்கில எழுத்து மொழியைத் தாங்கிநின்ற அதிகாரத் தூண் சரிந்தது. அதன்பின் எழுதியவர்கள் தத்தம் ஊர்ப் பேச்சையே எழுதினர். ஆகவே 12ஆம் நூற்றாண்டில் திடீரென நிகழ்ந்ததாக நமக்குத் தோன்றும் மாற்றங்கள் பல, உழவரின் பேச்சில் அதற்கு முன்னரே நெடுங்காலம் நிகழ்ந்திருக்க வேண்டும். எழுத்து அவற்றை மறைத்து வைத்திருந்தது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே பெரும் இடைவெளியுடைய மொழியைக் கையாளும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 14ஆம் நூற்றாண்டில் கிழக்கு மத்திய மாகாணங்களிலிருந்து வணிகரும் பிறரும் இலண்டனிற் குடியேறியபொழுது அவர்தம் வழக்குகளும் தலைநகரின் மொழியில் இடம்பிடித்தன. 1400இல் மறைந்த சோசரின் மொழியில் 'வித்' தான் ஆட்சி செய்கின்றது.

'மிட்' முற்றாக அழியவில்லை. மருத்துவிச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் அது ஒளிந்து வாழ்கின்றது. நடு என்ற பொருளுடைய வேறொரு 'மிட்' அதுவெனப் பலர் மயங்குவர். உண்மையில் 'உடனிருக்கும் பெண்' என்பதே அதன் பொருள். பிரசவ வேளையில் உடனிருப்பவள் அவள். 'வித்' என்பதன் பழைய பொருளும் அவ்வாறே சில மூலைகளில் ஒதுங்கியது. மேலே கூறிய மூன்று வினைகள் எஞ்சின. மறுத்துரைத்தல் என்ற பொருளில் வழங்கிய 'வித்சே' வழக்கிழந்தது. 'வித்தின்', 'வித்தவுட்' என்ற சொற்களில் முறையே உட்புறம் நோக்கியும் வெளிப்புறம் நோக்கியும் என்ற திசைப்பொருள் உறைந்து கிடக்கின்றது. பின்னையதற்கு 'இன்றி' என்ற பொருள் வெளியே இருப்பதிலிருந்து பிறந்தது. இன்றும் ஒருவரோடு கோபித்தல், ஒருவரோடு போட்டியிடுதல், ஒரு பொருளை விட்டுப் பிரிதல் ஆகிய தொடர்களில் 'வித்' நிற்கும்போது பழைய எதிர்நிலை மெல்ல எட்டிப்பார்க்கின்றது. மாணவருக்கு இவற்றைத் தனித்தனி மரபுத்தொடர்களாக மனனஞ்செய்விப்பதைவிட, ஒரே சொல்லின் வரலாறாகக் கூறினால் நினைவில் நிற்கும் என்பது என் அனுபவம்.

மொழிபெயர்ப்பு வகுப்பின் படைத்தலைவனைப் பற்றி: அவ்வாக்கியத்தை எத்துணை முறை படித்தாலும் அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பது தெரியவில்லை. அடுத்த பந்தியில் பிரெஞ்சு மன்னன் அவனுக்கு மானியம் வழங்கியதாக ஒரு குறிப்பு இருந்தது. "சேர்ந்து" என்று எழுதிய மாணவருக்கே புள்ளி கொடுத்தேன்.